“ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருக்காதீர்கள்!

மும்பையில் வாழும் நம்மவர் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு. “ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.”

பெண்ணுக்கு வரன் பார்ப்பது, வீட்டுக்கு ஓடு மாற்றுவது, பத்திரம் பதிவு செய்வது, ஆடும் பல்லைப் பிடுங்குவது ஆகிய எல்லாவற்றையும் ஊருக்கே தள்ளிப் போடுகிறோம். ஆண்டுக்கு ஒரு தடவை கிடைக்கும் இருபது நாள் லீவுக்குள் அத்தனையையும் முடித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

மற்றதெல்லாம் காத்திருக்கும். ஒன்று மட்டும் காத்திருக்காது. அது வாயில் வந்து ஆறாமல் நிற்கும் புண்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை. பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி

கல்யாண் பக்கம் நான் குடியிருக்கும் சாலில், எனக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணாச்சி இருந்தார். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். மசூதி பந்தரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் முப்பது ஆண்டுகளாகக் குமாஸ்தா. குடி கிடையாது. பீடி, சிகரெட் கிடையாது. வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலை மட்டும் உண்டு. இரவு லோடு ஏற்றும் நாட்களில் தூக்கம் வராமல் இருக்கத் தொடங்கிய பழக்கம்.

பொங்கல் கழிந்த சமயம் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. உடைந்த பல் உரசியதால் வந்தது என்றார். மருந்துக் கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். களிம்பு தடவினார். வலி இல்லை. அதனால் கவலையும் இல்லை.

“அண்ணாச்சி, பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்களேன்” என்றேன்.

“சித்திரையில கொடைக்கு ஊருக்குப் போறம்லா தம்பி! அங்க நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கிடலாம்” என்றார்.

சித்திரை வந்தது. அம்மன் கொடை நடந்தது. கொடை முடிந்து, விருந்தாளிகளை அனுப்பிவிட்டு டாக்டரிடம் போனபோது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது இதுதான்: “மும்பையிலா இருக்கிறீர்கள்? பெரிய ஆஸ்பத்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கே ஏன் வந்தீர்கள்?”

இதை நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும். 1941ஆம் ஆண்டு பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. பீகாரிலிருந்தும், வங்காளத்திலிருந்தும், அசாமிலிருந்தும் இரண்டு நாள் ரயில் ஏறி அதன் வாசலுக்கு வருகிறார்கள். நடைபாதையில் படுத்துக் காத்திருக்கிறார்கள். அதே பரேலை லோக்கல் ரயிலில் நாள்தோறும் கடந்து போகும் நாம், வாயில் இருக்கும் புண்ணைத் தூக்கிக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஊருக்குப் போகிறோம்!

ரிப்போர்ட்டில் இருந்தது

அண்ணாச்சி திரும்பி வந்தார். சதைத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் முழு ரிப்போர்ட்டும் வந்தது. அதைப் படித்துச் சொல்லும்படி மதினி என்னிடம் கொடுத்தார். “ஸ்க்வாமஸ் செல் கார்சினோமா” என்ற பெயரைத் தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். நம்மில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

நமது தோலின் மேற்பரப்பையும் வாயின் உட்புறத்தையும் மூடியிருப்பவை மீன் செதிள் போன்ற தட்டையான செல்கள். அவற்றில் தோன்றும் புற்றுக்குத்தான் இந்தப் பெயர். வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த வகையே. 2022ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக உதடு, வாய்ப் புற்றுநோய் வந்தது. நமது நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் எல்லாக் கட்டியும் ஒரே மாதிரி அல்ல. சிலவற்றை வெட்டி எடுத்தால் போதும். சில, வெட்டிய பிறகும் திரும்பி வரும். எது அதிக ஆபத்தானது என்று அறிய டாக்டர்கள் இரண்டு கணக்குப் பார்க்கிறார்கள். ஒன்று கட்டியின் கணக்கு. மற்றொன்று ஆளின் கணக்கு.

கட்டியின் கணக்கு

முதலில் அகலம். 2 சென்டிமீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்துக்குள் இருந்தால் நல்லது. 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடுகிறது.

அடுத்தது ஆழம். மேலே சின்னதாகத் தெரியும் புண், உள்ளே ஆணி போல இறங்கியிருக்கலாம். முன்பெல்லாம் அகலத்தை வைத்தே நிலையைக் குறித்தார்கள். 2018ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த புதிய முறைப்படி ஆழமும் சேர்ந்துவிட்டது. 5 மில்லிமீட்டர் தாண்டினால் ஒரு படி மேலே. 10 மில்லிமீட்டர் தாண்டினால் இன்னும் ஒரு படி மேலே. இந்த ஆழம் கண்ணாடியில் தெரியாது. கையால் தொட்டு, ஸ்கேன் எடுத்து, கடைசியில் வெட்டி எடுத்த சதையைப் பூதக் கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது, நரம்பு. கட்டி நரம்பைச் சுற்றி வளைத்துக்கொண்டு அதன் வழியே ஊர்ந்து போயிருந்தால், பார்த்த இடத்தை வெட்டினால் மட்டும் போதாது.

நான்காவது, செல்லின் குணம். நல்ல செல்லின் சாயல் இன்னும் மிச்சமிருந்தால் கொஞ்சம் சாது. சாயலே இல்லாமல் உருமாறியிருந்தால் முரடு.

ஐந்தாவது, வெட்டிய விளிம்பு. கட்டியைச் சுற்றி நல்ல சதையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்த துண்டின் ஓரத்தில் நோய் இருந்தால், வாயில் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலானது கழுத்து. வாய்ப் புற்று முதலில் குடிபோகும் இடம் கழுத்தில் உள்ள நெறிகட்டிகள். அங்கே போய்விட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. நெறிகட்டியின் உறையையும் கிழித்து வெளியே வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அண்ணாச்சியின் ரிப்போர்ட்டில் இரண்டு நெறிகட்டிகளில் நோய் இருந்தது. ஒன்றின் உறை கிழிந்திருந்தது.

பொங்கலுக்கு மறு வாரமே போயிருந்தால் இது இருந்திருக்காதா? உறுதியாகச் சொல்ல முடியாது. சில கட்டிகள் தொடக்கத்திலேயே முரட்டுக் கட்டிகள். அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் அகலமும், ஆழமும், கழுத்துக்குப் பரவுவதும் நாள் ஆக ஆகக் கூடுபவை. அந்த நாட்களை நாம்தான் நோய்க்குக் கடனாகக் கொடுக்கிறோம். அண்ணாச்சி கொடுத்தது ஏறக்குறைய நான்கு மாதம்.

ஆளின் கணக்கு

இனி யார் அதிகம் பயப்பட வேண்டும் என்று பார்ப்போம்.

புகையிலை போடுகிறவர்கள் முதலில். வெற்றிலையோடு போட்டாலும், சுண்ணாம்பு சேர்த்துக் கைனியாகக் கசக்கிப் போட்டாலும், மாவா என்று மென்றாலும், குட்கா என்று பொட்டலத்தைக் கிழித்தாலும் எல்லாம் ஒன்றுதான். இந்தப் பக்கத்துப் பெண்கள் பல் தேய்க்கும் மிஷ்ரியும் வறுத்த புகையிலைத் தூள்தான். மேல்நாட்டில் நாக்கில் அதிகம் வரும் நோய், நம் நாட்டில் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறு மடிப்பிலும் அதிகம் வருகிறது. காரணம், நாம் புகையிலையை அடக்கி வைப்பது அங்கே.

“நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்” என்று சிலர் ஆறுதல் அடைகிறார்கள். அந்த ஆறுதலுக்கும் இடமில்லை. புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985ஆம் ஆண்டு சொன்னது. வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004ஆம் ஆண்டு அறிவித்தது. பான் மசாலாவில் பெரும்பகுதி பாக்குத்தானே!

மகாராஷ்டிரத்தில் குட்கா தடை 2012ஆம் ஆண்டு வந்தது. தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டு வந்தது. தடையும் இருக்கிறது. மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக வாங்கிக் கையில் கலந்துகொள்ளும் வித்தையும் இருக்கிறது.

புகையிலையோடு மதுவும் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். சிறுநீரகம் மாற்றியவர்கள், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தை நாள்தோறும் சாப்பிடுகிறவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆகியோரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

முன்கூட்டியே வரும் அடையாளங்களும் உண்டு. வாயில் சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு. அதைவிட ஆபத்தானது சிவப்புத் திட்டு. காரம் பட்டால் எரிச்சல். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியாதபடி வாய் இறுகிப் போவது. காரணமில்லாமல் ஆடும் பல். இவை எல்லாம் புற்றுநோய் என்று பொருளில்லை. ஆனால் டாக்டர் பார்த்துத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

தோலிலும் வரும்

இதே செதிள் செல் புற்று தோலிலும் வரும். ஓட்டல் அடுப்படியில் எண்ணெய் கொட்டியவர்கள், பட்டறையில் சூடு பட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆறிப்போன பழைய தீத்தழும்பில் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. காஷ்மீரத்தில் குளிருக்காகக் கங்கடி என்னும் கனல் சட்டியை உடையின் உள்ளே வைத்துக்கொள்கிறவர்களுக்குத் தொடையிலும் வயிற்றிலும் வரும் புற்று இந்த இனமே. தழும்பில் வருவதும், உதட்டிலும் காதிலும் வருவதும், 2 சென்டிமீட்டரைத் தாண்டியதும் தோல் புற்றிலேயே ஆபத்துக் கூடியவை.

இரண்டு பயங்கள்

இனி நம்மவரின் இரண்டு பயங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

“கத்தி பட்டால் பரவிவிடும்” என்பது ஒன்று. இதை நம்பிச் சோதனைக்கே போகாதவர்கள் பலர். வாய்ப் புண்ணில் அரிசி அளவு சதை எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவுவதில்லை. அந்தச் சோதனை இல்லாமல் என்ன நோய் என்று எந்த டாக்டராலும் உறுதி சொல்ல முடியாது.

“வாயில் இருக்கும் சின்னப் புண்ணுக்குக் கழுத்தை ஏன் கிழிக்கிறார்கள்? பணம் பிடுங்கவா?” என்பது இரண்டாவது. இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. இதற்குப் பதில் சொன்னது நமது பரேல் ஆஸ்பத்திரியே. கழுத்தில் ஒன்றும் தட்டுப்படாத தொடக்க நிலை நோயாளிகளை 2004ஆம் ஆண்டிலிருந்து பத்து ஆண்டுகள் சேர்த்து இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாய் ஆபரேஷனோடு கழுத்து நெறிகட்டிகளையும் முன்கூட்டியே எடுத்தார்கள். மற்றப் பிரிவில் நெறிகட்டியில் நோய் தெரிந்த பிறகே எடுத்தார்கள். 2015ஆம் ஆண்டு முடிவு வெளியாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, முன்கூட்டியே எடுத்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 67 பேரே. டாக்டர்கள் கண்காணிப்பில் ஒழுங்காகச் சோதனைக்கு வந்து காத்திருந்தபோதே இவ்வளவு வித்தியாசம். யார் கண்ணிலும் படாமல், களிம்பு தடவிக்கொண்டு நாம் காத்திருக்கும் நாட்களுக்கு என்ன விலை என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் தள்ளிப் போடுகிறோம்?

நம்மவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தள்ளிப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். ஆஸ்பத்திரி வரிசையில் இந்தியும் மராட்டியும் தடுமாறும். ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, ஆள் இங்கே இருக்கிறார். இந்த அரசின் காப்பீட்டுத் திட்டம் கிடைக்குமா, அந்த அரசின் திட்டம் கிடைக்குமா என்று தெரியாது. ஆபரேஷன் என்றால் பக்கத்தில் இருந்து கஞ்சி கொடுக்க ஆள் வேண்டும். அம்மாவும் அக்காவும் ஊரில் இருக்கிறார்கள். ஊர் டாக்டர் நம் மொழியில் பேசுவார், நம் அப்பாவையும் தெரிந்தவர். இவை எல்லாம் நியாயமான காரணங்களே.

ஆகவே நான் சொல்வது ஒன்றே ஒன்று. சோதனையை இங்கேயே செய்துகொள்ளுங்கள். சிகிச்சையை எங்கே செய்வது என்பதைப் பிறகு யோசியுங்கள்.

கையில் ரிப்போர்ட் இருந்தால் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். 1954ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட அந்த நிலையம் யாருக்கும் குறைந்ததல்ல. ஆனால் ரிப்போர்ட் இல்லாமல் லீவுக்காகக் காத்திருப்பது தற்கொலைக்குச் சமம்.

சோதனைக்கு நேரே பரேல் போய்க் கூட்டத்தில் நிற்க வேண்டும் என்பதும் இல்லை. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர் பல் மருத்துவமனை இருக்கிறது. தாராவிக்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. பல் டாக்டர் வாயைத் திறந்து பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

இன்னொன்று. ஆபரேஷன் முடிந்ததும் “ஊரில் போய் ஓய்வு எடுத்துக்கொண்டு வருகிறேன்” என்று ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. ஆபத்தான கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் கதிர் சிகிச்சை தேவைப்படும். அதை ஆபரேஷன் நடந்த ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்கிறார்கள். ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து வந்தால், செய்த ஆபரேஷனின் பயனும் போய்விடும். போகத்தான் வேண்டுமென்றால், கதிர் சிகிச்சைக்கு அங்கே இடம் உறுதி செய்துகொண்டு போக வேண்டும். புகையிலையையும் அத்தோடு விட வேண்டும். விடாதவர்களுக்கு வாயின் வேறொரு மூலையில் புதிதாக இன்னொரு புற்று வரும் வாய்ப்பு அதிகம்.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தேவையான காலத்துக்குச் சந்தா கட்டியிருந்தால், புற்றுநோய் போன்ற நீண்ட நாள் நோய்களுக்கு நூற்றுக்கு 80 வீதம் சம்பளத்தை இரண்டு ஆண்டுகள் வரை தரும் ஏற்பாடு அதில் இருக்கிறது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நோயை மறைக்கும் பல பேருக்கு இந்த ஏற்பாடு இருப்பதே தெரியாது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது நம் பணம். கேட்டு வாங்குவதில் வெட்கம் என்ன?

சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

நமது தமிழ்ச் சங்கங்களும் மன்றங்களும் பொங்கல் விழா நடத்துகின்றன. பட்டிமன்றம் வைக்கின்றன. வாழ்த்துகிறேன். அதே பந்தலில் ஒரு மேசை போட்டு, ஒரு பல் டாக்டரை அழைத்து, வந்தவர்களின் வாயைப் பார்க்கச் செய்தால் என்ன?

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு 1996ஆம் ஆண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அவற்றில் ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். கருவி எதுவும் இல்லை. வெளிச்சமும் கண்ணும் மட்டுமே. 2005ஆம் ஆண்டு முடிவு வந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண்ணால் பார்த்ததற்கே இந்தப் பலன்!

டாக்டர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. மாதம் ஒரு நாள், முகம் சவரம் செய்யும்போது வாயையும் திறந்து பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்து உள்ளே பாருங்கள். நாக்கை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நாக்கின் அடியையும் பாருங்கள். கழுத்தைத் தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், வலி இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் இந்த நோய்க்குப் பெரும்பாலும் வலி இருப்பதில்லை.

அண்ணாச்சிக்குப் பாதி நாக்கை எடுத்தார்கள். கழுத்து ஆபரேஷன் நடந்தது. கதிர் சிகிச்சையும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. உயிரோடு இருக்கிறார். ஆனால் பேச்சு குழறுகிறது. லாரி ஆபீசில் நாள் முழுதும் போனில் பேசும் வேலை அவருடையது. அந்த வேலை போயிற்று. இப்போது ஊரில்தான் இருக்கிறார். மகன் படிப்பை நிறுத்திவிட்டு இங்கே வேலைக்கு வந்திருக்கிறான்.

போன மாதம் அந்தப் பையனைப் படிக்கட்டில் பார்த்தேன். கன்னத்தில் எதையோ அடக்கி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் கையைப் பிடித்துக் கண்ணாடி முன் நிறுத்தினேன். அடுத்த நாள் நாயர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வேளையாக ஒன்றும் இல்லை. புகையிலையை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். நான் தினமும் கேட்கிறேன்.

உங்கள் சாலிலும், உங்கள் ரூமிலும், உங்கள் பக்கத்து நாற்காலியிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைச் சித்திரை வரைக்கும் காத்திருக்க விடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட வேண்டாம். இன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள்.